துரு தின்ற கணக்கு

மண்டபம்

அன்புள்ள சண்முகம்,

முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் பழைய பாம்பன் பாலம். சிரிக்காதே.

2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தாகிவிட்டது. 1914 முதல் நின்ற பழையதைப் பிரித்துவிடுவார்கள். அதற்குள் தூண் தூணாக அதன் நிலையை எழுதிவைக்க இறங்கியிருக்கிறேன். சாலைப் பாலத்தில் நின்று படம் எடுத்தால், பஸ் போகும்போதெல்லாம் காலடி அதிர்ந்து படம் கலங்குகிறது. அதனால் தெரிந்த மீனவரின் வள்ளத்தில் போகிறேன்.

"அந்தக் காலத்து இரும்பு, நூறு வருடம் நின்றதே" என்று எழுதியிருந்தாய். நான் ஒப்பமாட்டேன். வருடம் முழுக்கச் சுரண்டிப் பெயின்ட் அடித்தவர்கள்தான் அதை நிற்க வைத்தார்கள். எட்ட நின்றால் பூச்சு பளபளக்கும். அடியில் போய் அண்ணாந்து பார்த்தால், பாதையைத் தாங்கும் இரும்பு உத்தரமான கர்டரின் மூலைகளிலும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணித் தலைகளின் ஓரத்திலும், உப்புநீர் தங்கும் இடமெல்லாம், துரு ஏடு ஏடாக உரிகிறது. நம் காலத்தில் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சுத்தியலால் தட்டுவோம்; ரிவெட் தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். இப்போது மேலே ஏற வழியில்லை. கண்ணுக்குப் பட்டதை மட்டும் குறிக்கிறேன்.

கப்பல் போக வழிவிட்டு இரண்டு கைகளாகப் பிரிந்து மேலெழும் நடுப்பகுதிக்கே, ஷெர்சர் தூக்குப் பகுதிக்கே, ஒரு நோட்டு தீர்ந்தது. கிணற்றுத் துலாவின் பின்னால் கல் கட்டியிருப்பார்களே, அதே கணக்குதான். இரண்டு கைகளுக்கும் பின்னால் எதிர்எடை; வளைந்த அடிப்பாகம் பின்னோக்கி உருள, கை மேலெழும். அந்த எடையால்தான் ஆட்கள் கையாலேயே இயக்க முடிந்தது.

பெரிய சிக்கல் வயதுதான். 1964 டிசம்பர் புயலில் தூக்குப் பகுதி தப்பியது; மற்ற கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தைச் சீரமைத்தார், கடலிலிருந்து மீட்ட கர்டர்களையும் வைத்து. 2007 இல் மீட்டர் கேஜ் என்ற குறுகிய தண்டவாளத்தை அகலப் பாதையாக மாற்ற மறுபடியும் வேலை நடந்தது. ஆகவே அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கர்டர்கள் ஒரே வயதுடையவை என்று சொல்ல முடியாது. வயது தெரியாமல் துருவை மட்டும் எழுதி என்ன பயன்?

மீட்டர் கேஜ் காலத்தில் நாம் படகில் போனபோது நீ எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பெட்டியில் இருந்தால் அனுப்பு. ரிவெட் வரிசை தெரிந்தால் போதும். என் தலை மறைக்காத படங்களாகப் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
முத்து