சங்கத்தில் சேரலாமா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீடும் புது வேலையும் ஒருவழியாகப் பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாய். பக்கத்து ஏரியில் மீன்பிடி சங்கம் ஒன்று இருக்கிறதாம், குட்டியையும் கூட்டிக்கொண்டு சேரலாமா, "மீன் பிடிக்க எதற்கம்மா சங்கம்?" என்று. செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தே தலை நரைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டுவிட்டாய், இனி பதில் நீளமாகத்தான் வரும்.

மீன் பிடிக்கச் சங்கம் வேண்டியதே இல்லை. ஒரு தூண்டிலும் நாலு மண்புழுவும் போதும். சங்கம் வேண்டியிருப்பது தண்ணீருக்கு. நீ தனியாகக் கரையில் உட்கார்ந்து, தண்ணீரின் நிறம் மாறியிருக்கிறதே என்று நினைத்தால் அது நினைப்போடு போய்விடும். பல பேர் சேர்ந்து, தேதி போட்டு எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

சாதாரண தூண்டில்காரர்களால் என்ன முடியும் என்று யாராவது கேட்டால் நான் டெர்வென்ட் ஆற்றுக் கதையைத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் டெர்பி நகரத்தை ஒட்டி ஓடுகிற ஆறு. அங்கே மீன்பிடி உரிமை வைத்திருந்த 'பிரைடு ஆஃப் டெர்பி' என்ற தூண்டில்காரர் சங்கம், ஆறு கெட்டு மீன்கள் இல்லாமல் போவதைப் பார்த்தது. செயற்கைப் பட்டு ஆலையின் கழிவு ஒரு பக்கம், நகராட்சி சரியாகச் சுத்திகரிக்காமல் விட்ட சாக்கடை ஒரு பக்கம், மின்நிலையத்திலிருந்து வந்த வெந்நீர் இன்னொரு பக்கம். மூன்று தரப்பையும் சங்கம் கோர்ட்டுக்கு இழுத்தது. 1948-ல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் தொடங்கிய தூண்டில்காரர் கூட்டமைப்பு துணைக்கு நின்றது. ஊருக்கே பொதுவான சாக்கடையைத் தடுக்கலாமா என்று நகராட்சி மேல்முறையீடு வரை போய் வாதாடிப் பார்த்தது. 1952 டிசம்பரில் அங்கேயும் சங்கம்தான் ஜெயித்தது. சரிசெய்துகொள்ள அவகாசம் கொடுத்தார்களே தவிர, தடையுத்தரவு நின்றது. வாரக்கடைசியில் மிதப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர்கள்தான் இதைச் செய்தார்கள். எனக்கு இதில் ஒரு தனிப்பட்ட பெருமை. ஏதோ நானே வழக்குப் போட்டதுபோல.

எங்கள் சங்கம் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. ஆனால் ஏரியைத் தினமும் விடியற்காலையில் பார்க்கிறவர்கள் நாங்கள்தான், அது சின்ன விஷயமில்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைகிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும், 30 டிகிரியில் அது ஏழரைதான். பாசி மண்டிய ஏரியில் பகலெல்லாம் செடிகளும் பாசியும் ஆக்சிஜன் விடும். ராத்திரி அவையும் மீனோடு போட்டிபோட்டு மூச்சுவிடும். அதனால் ஏரி ரொம்பவும் மூச்சுத் திணறுகிற நேரம் சூரியன் உதிக்கிறதற்குச் சற்று முன்புதான். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பத்து மணிக்கு வருகிற அதிகாரி கண்ணில் அது படாது. ஐந்தரைக்கு இரையோடு வந்து நிற்கிற எங்கள் ஆள் கண்ணில் படும்.

அப்படிப் பார்த்தால் என்ன செய்வது என்பதை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து எல்லோர் பையிலும் வைத்திருக்கிறோம். நேரத்தைக் குறி, இடத்தைக் குறி, படம் எடு. செத்த மீனை வெறுங்கையால் தொடாதே. சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து வை. அப்புறம் உடனே உரிய துறைக்குத் தகவல் சொல். யார் மேலே சந்தேகம் இருந்தாலும் அவர்கள் வாசலில் போய்ச் சண்டை போடாதே. இந்தக் கடைசி வரியைச் சேர்க்க எனக்குக் கூட்டத்தில் அரைமணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. சண்டைக்குப் போகத்தான் சிலருக்கு ஆசை.

ஓடும் ஆறு உள்ள ஊர்களில் சங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பிரிட்டனில் 2007-லிருந்து தூண்டில்காரர்களே ஆற்றுப் பூச்சிகளை எண்ணுகிறார்கள். மாதம் ஒருமுறை, 3 நிமிடம் ஆற்றின் அடித்தளத்தைக் காலால் கிளறி, மிதந்து வருவதை வலையில் பிடித்து, தட்டில் கொட்டி எண்ணுவது. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை மாதிரியான பூச்சிகளின் இளம்புழுக்களுக்கு அழுக்குத் தண்ணீர் ஆகாது. கணக்கு ஒரு வரம்புக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்வார்கள். தண்ணீரை இன்று சோதித்தால் இன்றைய நிலைதான் தெரியும். போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ திறந்துவிட்டதைக்கூடப் பூச்சிகள் காட்டிக்கொடுத்துவிடும். உன் ஊரில் அப்படி ஏதாவது நடந்தால் குட்டியைக் கட்டாயம் கூட்டிப் போ. தட்டில் நெளிகிற புழுவைப் பார்த்தால் அவள் வீட்டுக்கே வரமாட்டாள்.

கரையைச் சுத்தம் செய்கிற நாள் என்று ஒன்று எல்லாச் சங்கத்திலும் இருக்கும். படம் எடுத்துக்கொள்ள நிறைய பேர் வருவார்கள், மூட்டை தூக்கச் சிலர் மிஞ்சுவார்கள். நான் பெரிதாக நினைப்பது வேறொன்றை. அறுந்த தூண்டில் நரம்பைப் போட, வளைந்த மூடி வைத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கரையில் நட்டிருக்கிறார்களா என்று பார். நைலான் உலகத்துக்கு அறிமுகமானது 1938-ல். அதற்கு முன்னால் பட்டு, லினன், குதிரைமுடி என்றுதான் தூண்டில் கயிறு இருந்தது; விழுந்தால் மக்கிப் போகும். இன்றைய நரம்பு மக்குவதில்லை, பறவைக் காலில் சுற்றிக்கொண்டால் கால் போகும், சில சமயம் உயிரே போகும். ஈயக்குண்டும் அப்படித்தான். தீனியை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்குகிற நீர்ப்பறவைகள், உதிர்ந்து கிடக்கிற ஈயத்தையும் கல் என்று விழுங்கிவிடும். அன்னங்கள் ஈய விஷத்தால் செத்ததைப் பார்த்துத்தான் பிரிட்டனில் 1987-ல் பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். அன்னங்களின் எண்ணிக்கை பிறகு ஏறியது. எங்கள் சங்கத்தில் சட்டம் சொல்வதற்குக் காத்திராமல் நாங்களே ஈயத்தை விட்டுவிட்டோம்.

போட்டிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் குறைவு என்பது உனக்குத் தெரியும். பிடித்த மீனையெல்லாம் தொட்டியில் அடைத்து, சாயங்காலம் வரை வைத்திருந்து, எடை போட்டு, பிறகு ஏரியில் விடுகிற முறையில் உயிரோடு நீந்திப் போகிற மீன்களிலும் சில பிறகு செத்துப்போகும். அதனால் நாங்கள் நீளத்துக்கு மாறிவிட்டோம். ஆளுக்கொரு அளவுப் பலகை. மீனை அதில் கிடத்தி, படம் எடுத்து, அப்போதே விட்டுவிட வேண்டும். கை நனைந்திருக்க வேண்டும். மீனின் மேலே இருக்கிற கொழகொழப்புதான் அதற்கு நோய் அண்டாத கவசம், காய்ந்த கை அதை உரித்துவிடும். முள்ளை மீன் ஆழமாக விழுங்கிவிட்டால் பிடுங்கக்கூடாது, நரம்பை வாயருகே வெட்டி விட்டுவிட வேண்டும். பிடுங்குவதைவிட அதில்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெயில் கொளுத்தினால் போட்டியே தள்ளிப்போகும். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள். ஒரே ஒரு மாற்றம், அளவுப் பலகை வந்த நாளிலிருந்து எங்கள் ஏரியில் மீன்களெல்லாம் சுருங்கிவிட்டன!

சங்கத்தில் சண்டையே வராது என்று நினைத்துவிடாதே. வருஷாவருஷம் பொதுக்குழுவில் ஒரே சண்டை: மீன்குஞ்சு வாங்கி விடலாமா வேண்டாமா என்று. பிடிபடுவது குறைந்ததும், "குஞ்சு விடுங்கள்" என்பார்கள். பண்ணையில் வளர்ந்த குஞ்சோடு நோயும் வரலாம், ஏற்கெனவே இருக்கிற மீனுக்கும் இரைக்குப் போட்டி வரும். ஏன் குறைந்தது என்று பார்க்காமல் குஞ்சு விட்டால் அதுவும் செத்துத்தான் போகும். கரையில் மரம் இருந்தால் நிழல் தண்ணீரைக் குளிர வைக்கும், வேர் மண்ணைப் பிடிக்கும். மண் சரிந்து சேறு படிந்தால் அடியில் இருக்கிற முட்டைகள் மூச்சு முட்டிச் சாகும். பெரிய பெண்மீன்களை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் இரண்டு மடங்கு எடையுள்ள மீன் இரண்டு மடங்குக்கும் மேலே முட்டை போடும். இதையெல்லாம் நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். ஒரு பெரியவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து, "மரத்தையா பிடிக்கப் போகிறோம்?" என்பார். மரக்கன்று நடுகிற அன்று மட்டும் மண்வெட்டியோடு முதல் ஆளாக வந்து நிற்பவரும் அவர்தான். சங்கம் என்றால் இதுதான் கண்ணா. பிடிக்காத ஆளோடும் ஒரே கரையில் உட்கார வேண்டும்.

வேறு ஏரியிலிருந்து படகையோ காலணியையோ கொண்டுவந்தால் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே தண்ணீரில் இறக்க விடுகிறார்களா என்றும் கவனி. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் 1988-ல் கண்ணில் பட்ட ஜீப்ரா மஸ்ஸல் என்ற சின்னச் சிப்பி, கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க அடியில் நிரப்பிக்கொண்டு வருகிற தண்ணீரோடு வந்தது. அங்கிருந்து உள்ளே இருக்கிற ஏரிகளுக்கு வண்டியில் ஏற்றிப்போன படகுகளோடு பரவியது. மிச்ச இரையைத் தண்ணீரில் கொட்டுவதும் அதே வகைத் தப்புதான்.

குட்டியைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு வருகிறேன். குழந்தைகள் நாள் என்றால் முதல் ஒருமணி நேரம் யார் கையிலும் தூண்டில் இருக்கக்கூடாது என்பது என் கட்சி. முதலில் முடிச்சு. இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்கச் சொல்லிக்கொடுப்போம், உரசல் சூட்டில் நைலான் வலுவிழக்கும் என்பதால். பிள்ளைகளுக்கு எச்சில் தொடுவதில் இருக்கிற ஆனந்தம் தனி. அப்புறம், வீசுவதற்கு முன்னால் பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கம். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கூரைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிக் கொடுப்போம். மீனுக்கும் நல்லது, விரலில் ஏறினாலும் சுலபமாக எடுத்துவிடலாம். எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பேர். இந்த விதி இருக்கிறதா என்று நீ கேட்டு, அவர்கள் முகம் சுளித்தால் அந்தச் சங்கமே வேண்டாம்.

பெண்களை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள். எனக்கு முதல் வருஷம் வருகைப் பதிவேட்டைத்தான் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டே எல்லோர் முடிச்சையும் கவனித்தேன், அது வேறு கதை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்காக 1996-லிருந்து தூண்டில் முகாம் நடத்துகிற அமைப்பு ஒன்று இருக்கிறது. தூண்டிலை வீசுகிற அந்த மெதுவான அசைவு, அறுவை சிகிச்சை ஆன பக்கத்துக்கு நல்ல பயிற்சியாம். அதைப் படித்த பிறகுதான் எங்கள் சங்கத்திலும் நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு, துணையை இழந்தவர்களுக்கு என்று ஒரு காலை நேரத்தை ஒதுக்கினோம். ஆலோசனை எல்லாம் யாரும் சொல்வதில்லை. எதிரே உட்கார வைத்து "எப்படி இருக்கிறீர்கள்" என்றால் வாயைத் திறக்காத ஆம்பிளைகள், பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் மிதப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். புது ஊரில் உனக்கும் பேச ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ எழுதவில்லை, ஆனாலும் தெரியும்.

அதனால், போய்ப் பார். புதுத் தூண்டில் எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே, நல்ல சங்கமாக இருந்தால் இரவலுக்கு நாலு வைத்திருப்பார்கள். உரிமம் வேண்டுமா, எந்த மாதங்களில் பிடிக்கக்கூடாது என்று கேட்டுக்கொள். குட்டியின் லைஃப் ஜாக்கெட் அவள் எடைக்குச் சரிதானா என்று நீயே பார், அவர்கள் சொன்னார்கள் என்று விடாதே. போட்டிக் கோப்பைகளைக் காட்டினால் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குறிப்புப் புத்தகம் இருக்கிறதா என்று கேள்.

சேர்ந்தால் எந்த வேலையை உன் தலையில் கட்டினார்கள் என்று எழுது. பொருளாளர் பதவியை மட்டும் ஒப்புக்கொள்ளாதே. சந்தா பாக்கி கேட்கப் போனால், நல்ல மனிதர்கள்கூட மீன் கடிக்கிற மாதிரி நடித்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அன்புடன்,
அம்மா