தலைவலி என்று சொன்னேன்

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் "அம்மாவுக்கு வந்த நோய் எனக்கும் வருமாக்கா?" என்று கேட்டாய். அடுப்பில் வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. உன்னிடம் பொய் சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு 5 வயது, எனக்கு 11. ஜன்னல்களையெல்லாம் அம்மா செய்தித்தாள் ஒட்டி மறைத்த வாரம். "அம்மாவுக்கு என்ன?" என்றாய். "தலைவலி, வெளிச்சம் ஆகாது" என்றேன். நீ நம்பினாய். சத்தம் போட்டால் தலைவலி வரும் என்று நீயாகவே முடிவு கட்டி, பந்தை அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டாய். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன அன்று "நான்தானே சத்தம் போட்டேன்" என்று அழுதாயே, அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நோயின் பெயர் எனக்கே தெரியாது என்பது நிஜம்தான். ஆனால் உன்னால் இல்லை என்று சொல்ல, பெயர் எதற்கு?

பெயர் மனச்சிதைவு. டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். 17 வயதில் டிஸ்சார்ஜ் தாளைத் திருட்டுத்தனமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் கை நடுங்கும், காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள், ஞாபகம் இருக்கிறதா? நோய் முற்றுகிறது என்று பயந்தோம். அது மாத்திரையின் பக்கவிளைவு. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையை மட்டுப்படுத்தித்தான் அந்த மருந்து, ஆளில்லாமலே கேட்கும் குரல்களை அடக்குகிறது. உடம்பின் அசைவுக்கும் அதே டோபமைன் வேண்டும். டாக்டரிடம் சொல்லியிருந்தால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்த்திருப்பார். யாரும் சொல்லவில்லை.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று மாத்திரையைத் துப்புவாள். அப்பா அதைப் பிடிவாதம் என்பார், வீடு இரண்டுபடும். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதும் பலருக்கு இந்த நோயின் ஒரு பகுதி. கால் ஒடிந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இங்கே எது ஒடிந்ததோ, அதைக் கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் தெரிந்தபின் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. தேர்வுக்கு முந்தின இரவு, ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதென்று என் புத்தகங்களை வாளித் தண்ணீரில் முக்கிவைத்தாள். செய்தது நோய்தான், தெரியும். நனைந்தது என் புத்தகம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 10. மிச்சம் 90 பேருக்கு வருவதில்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்ததால் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலிருந்து முப்பதின் தொடக்கத்துக்குள் தலைகாட்டும், ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே. உனக்கு 27. ஆபத்தான வருடங்களில் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டாய்.

கஞ்சா பக்கம் மட்டும் போகாதே. நம்மைப் போன்ற குடும்பத்துக்கு அது கூடுதல் ஆபத்து. ஆளில்லாத இடத்தில் பேச்சுக்குரல் கேட்டாலோ, எல்லோரும் உன்னைக் குறிவைத்துப் பேசுவதாகத் தோன்றினாலோ என்னிடம் சொல், அன்றே டாக்டரிடம் போவோம். சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். ஆனால் ஒருநாள் தூக்கம் கெட்டதற்கெல்லாம் கூகுளைத் தோண்டாதே. பத்து வருடம் தோண்டியவள் சொல்கிறேன்.

கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் சொல்லலாமா என்றும் கேட்டாய். சொல். நோயின் பெயரோடு சொல். பயந்தால் பயப்படட்டும், கேள்வி கேட்டால் என்னைக் கைகாட்டு.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா ராத்திரி மாத்திரை போட்டால் உடனே தூங்கிவிடுவாள், அதனால் சாயங்காலமே வந்துவிடு.

அக்கா