மில்லிரெம்மா, மில்லிசீவர்ட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஸ்கேன் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். உடம்பில் படும் கதிர்வீச்சின் அளவை ஒரு பத்தியில் மில்லிரெம், அடுத்ததில் மில்லிசீவர்ட், அப்புறம் மைக்ரோசீவர்ட் என்று போட்டிருந்தீர்கள். எது எத்தனை மடங்கு என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. என் அம்மா பட்ட பாட்டைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அம்மாவுக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டின் அடியில் 'டி.எல்.பி. 600' என்று போட்டு, பக்கத்தில் மில்லிகிரே சென்டிமீட்டர் என்று இருந்தது. தெரிந்தவர் ஒருவர் அதை 600 மில்லிசீவர்ட் என்று படித்துச் சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை; அடுத்த ஸ்கேனே வேண்டாம் என்றார். ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டால் "டாக்டரிடம் கேளுங்கள்" என்றதோடு சரி.

எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாதான் வந்து, ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். கருவி கொடுத்த அளவையும் ஸ்கேன் எடுத்த நீளத்தையும் பெருக்கி வருவதுதான் டி.எல்.பி. பெரியவர்களின் வயிற்றுப் பகுதிக்கு அதை 0.015 ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் கிடைக்கும். 600க்கு 9 மில்லிசீவர்ட். தலை ஸ்கேன் என்றால் பெருக்க வேண்டியது 0.0021 ஆல்தான். இயற்கையிலிருந்தே நாம் வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். ஆக, அம்மா வாங்கியது ஏறக்குறைய நாலு வருஷத்து இயற்கைக் கதிர்வீச்சு. அலட்சியமாக விடுகிற அளவு இல்லை. ஆனால் டாக்டர் காரணத்தோடு கேட்கும் ஸ்கேனைத் தட்டிவிடுகிற அளவும் இல்லை.

மாமா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சட்டையில் மாட்டும், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜின் கணக்கு மில்லிரெம்மில் வருமாம். 1 மில்லிசீவர்ட் என்பது 100 மில்லிரெம், அல்லது 1000 மைக்ரோசீவர்ட். உடம்பு உள்வாங்கும் கதிர்வீச்சு ஆற்றலைச் சொல்வது கிரே; அதனால் வரக்கூடிய பாதிப்பையும் சேர்த்துக் கணக்கிடுவது சீவர்ட். கிரேக்கும் அதன் பழைய அலகான ராடுக்கும் அதே நூறு மடங்குதான்: 1 கிரே என்பது 100 ராட். எக்ஸ்ரே உடம்பு முழுக்க ஒரே சீராகப் பட்டால் கிரேயும் சீவர்ட்டும் எண்ணில் ஒன்று. ஆல்பா கதிர் என்றால் கிரேயை 20 ஆல் பெருக்க வேண்டும். சுரங்கங்களில் ஆல்பா கதிரை வெளியிடும் ரேடான் வாயுவுக்கு அவ்வளவு பயப்படுவது அதனால்தான்.

சி.டி. ஸ்கேனுக்குக் கணித அடித்தளம் போட்ட ஆலன் கார்மாக் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர். 1956இல் கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது அந்த யோசனை வந்தது. 1979இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஸ்கேனுக்கான யோசனை பிறந்த இதே தென்னாப்பிரிக்காவில், அதன் ரிப்போர்ட்டைப் படித்து நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படிப் பயப்படுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி எல்லா அளவையும் மில்லிசீவர்ட்டிலேயே போடுங்கள். பழைய அலகைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே மாற்றிக் காட்டுங்கள். மாமா போட்ட கணக்கைச் சின்னப் பெட்டிச் செய்தியாக அடுத்த இதழில் வெளியிட்டால் பெரிய உதவி. அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன் இருக்கிறது. அதற்குள் வந்தால் கத்தரித்துக் கையோடு கொண்டுபோவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்