கூடாரத்தை விளையில் போடு

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் நீயும் பிள்ளைகளும், உன் தோழியின் குடும்பமும் சேர்ந்து மே மாதம் உவரிக் கடற்கரை மணலில் மூன்று இரவு கூடாரம் அடித்துத் தங்க விரும்புவதாகவும், அதற்கு இடம் பார்த்து வைக்கும்படியும் கேட்டிருந்தாய். இடம் பார்த்துவிட்டேன். ஆனால் நீ சொன்ன மாதமும் எனக்குச் சரிப்படவில்லை, நீ சொன்ன மணலும் சரிப்படவில்லை.

முதலில் மாதம். மே மாத மணல் நண்பகலில் கால் வைக்க விடாது. பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் வெகுநேரம் கக்கிக்கொண்டிருக்கும். அதைவிட எனக்கு அச்சம் தருவது கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயலடித்துக் கிளம்பும் அலை பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் சொல்லாமல் கரையேறும். பெயரே அதனால் வந்ததுதான். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படி ஒரு நாளில்தான். நம் பக்கத்துக் கடலில் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் கரையில் படுப்பவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. அந்தத் துணிச்சல் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு வேண்டாம்.

அரையாண்டு விடுமுறையில் வரலாமா என்று மாப்பிள்ளை கேட்பார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே தை மாதமே உகந்தது. குடியரசு தினத்தோடு இரண்டு நாள் விடுப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது வாடைக்காற்றின் வேகம் தணிந்திருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். நுங்கு கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை. பிள்ளைகளிடம் அதை இப்போதே சொல்லிவிடு.

இனி இடம். சாலைக்கு மேற்கே, கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் உன் மாமாவின் பனைவிளையை, அதாவது பனந்தோப்பை, பேசி வைத்திருக்கிறேன். வேலி உண்டு, கிணறு உண்டு. ஆனால் கடலோரத்துக் கிணறு என்பதால் நீர் சற்று உப்புக் கரிக்கும். குளிக்கவும் கழுவவும் ஆகும், குடிக்க ஆகாது. திருச்செந்தூர் நாழிக்கிணறு போல அலைக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் அதிசயம் எல்லா விளையிலும் வாய்ப்பதில்லை அல்லவா? ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் கணக்கிட்டுக் குடிநீர்க் கேன்களை மாமா இறக்கி வைப்பார்.

விளைக்குள்ளும் பனையின் நேர்கீழே கூடாரம் போடாதீர்கள். காய்ந்த காவோலை எந்த நேரமும் விழும். அதன் கருக்கு மட்டை கூடாரத் துணியை அறுத்துவிடும், தலையில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். கிணற்றுக்குக் கிழக்கே வெட்டவெளியாக ஒரு துண்டு இருக்கிறது, அதைத்தான் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கூட்டினாலும் உடைமுள் மணலுக்குள் கிடக்கும் என்பதால் கூடாரத்துக்கு அடியில் தடித்த தார்ப்பாய் விரியுங்கள். சுருட்டை விரியனும் தேளும் உள்ள மண் இது. இரவில் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. காலையில் செருப்பை உதறிவிட்டே போட வேண்டும்.

கடையில் கூடாரத்தோடு தரும் கம்பி முளைகளை நம்பாதே. கல்லூரி நாளில் நாங்கள் நான்கு பேர் ஆடி மாதத்தில் மணப்பாட்டு மணலில் படுதா கட்டிப் படுத்தோம். நள்ளிரவில் கச்சான் காற்று முளையைப் பிடுங்கி எறிந்தது; விடியும்வரை ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் வள்ளம் தள்ள வந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு, சாக்கில் மணலை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டி முழங்கால் ஆழத்தில் புதைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தையில் அந்தக் காற்று இராது என்றாலும், காலிச் சிமெண்டுச் சாக்கு பன்னிரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். பனியும் அப்போது கனமாக இறங்கும், மேல்விரிப்பை மறந்துவிடாதே.

கடலுக்கு விடியற்காலையிலும் மாலையிலும் நடந்து போய் வாருங்கள். காலையில் வள்ளங்கள் கரையேறும்போது நின்றால் சாளையோ விளமீனோ ஏலத்தில் எடுக்கலாம். குழம்பை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். தை தொடங்கிப் பங்குனி வரை கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலமாகையால் இரவில் மணலில் விளக்கடிக்க வேண்டாம். ஒரு நாள் மணப்பாட்டுக் குன்றுக் கோயிலுக்குப் போகலாம். 1542-இல் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை அங்கே இருக்கிறது. குதிரைமொழித் தேரியின் செம்மணலைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியின்றி இரவு தங்க முடியாது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறக்கும் நாளன்றே எடுத்துவிடு. உன் தோழி வீட்டில் மீன் சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று இந்த வாரத்துக்குள் எழுது. மாமா அரிசியும் கருப்பட்டியும் வாங்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா