இயக்குநர் தேடும் அறங்காவலர்களுக்கு

தொண்டு நிறுவனங்களின் அறங்காவலர் குழுவினருக்கு, வணக்கம்.

‘இயக்குநர் தேவை’ என்று நீங்கள் கொடுக்கும் விளம்பரங்களை ஒன்று விடாமல் படிக்கிறேன். விண்ணப்பம் போட அல்ல. நான் களப்பணியாளர்; யார் வந்து உட்கார்ந்தாலும் அவருக்குக் காலாண்டு அறிக்கை எழுதித் தர வேண்டியது நான்தான்.

வெளிநாட்டுப் படிப்பு, நிதி நிர்வாக அனுபவம் என்று கேட்கிறீர்கள். சரி, கேளுங்கள். வங்கதேசத்தின் ஃபஸ்லே ஹசன் ஆபெத்தும் அதில் தேறியிருப்பார். கிளாஸ்கோவில் கப்பல் கட்டுமானம் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு லண்டனில் கணக்கியல் முடித்தவர். சிட்டகாங்கில் ஷெல் நிறுவனத்தின் நிதிப் பொறுப்பில் இருந்தார். 1970இல் புயல், அடுத்த வருடம் வங்கதேச விடுதலைப் போர். லண்டனில் இருந்த வீட்டை விற்ற பணத்தோடு ஊர் திரும்பி, 1972இல் சுல்லா என்ற ஒதுக்குப்புறத்தில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

இதெல்லாம் சுயவிவரக் குறிப்பில் வந்துவிடும். வராத ஒன்றைச் சொல்கிறேன்.

1980இல், வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவதைத் தடுக்கப் பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பினார். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். அடுப்பங்கரையில் இருப்பதை வைத்தே கரைசல். பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். ஆனால் அந்தப் பெண்களுக்குக் கூலி, ஏறி இறங்கிய வீட்டுக் கணக்கில் இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளில் மட்டும் அந்தத் தாயைக் கேட்பார்: சொல்லிக்கொடுத்த பத்து விஷயத்தில் எத்தனை நினைவிருக்கிறது? கரைசலைக் கலக்கிக் காட்ட முடியுமா? அவள் தேறினால்தான் சொல்லிக்கொடுத்தவருக்கு முழுக் கூலி.

நாங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, பேனர் முன்னால் போட்டோ எடுத்து, சமோசா கொடுத்து அனுப்பினால் பயிற்சி முடிந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. தாய்மார்கள் நன்றாக ஒப்பித்தார்கள். பிள்ளைக்கு வயிறு போனபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மட்டும் கொஞ்சம்தான். ஏன் என்று தோண்டினால், சொல்லிக்கொடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை, மாத்திரைதான் கேட்கும் என்று நினைத்தார்கள். அவர்களை டாக்காவுக்குக் கூட்டிப்போய், அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். வீட்டு ஆண்களை விட்டுவிட்டதும் தவறு என்று தெரிந்தது. அப்புறம் பள்ளிவாசலிலும் சந்தையிலும் போய்ப் பேசினார்கள்.

பின்னால் பிராக் ஆப்கானிஸ்தானுக்குப் போனது, சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கும் வந்தது. ஆபெத்துக்கு 2010இல் சர் பட்டம், 2015இல் உலக உணவுப் பரிசு. 2019 ஆகஸ்டில் தலைவர் பொறுப்பை விட்டு விலகினார், டிசம்பரில் காலமானார். பிராக்கின் சிறுகடன் பற்றி எனக்குச் சில கேள்விகள் உண்டு, அது வேறு மடல்.

அடுத்த நேர்காணலில் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: ‘நீங்கள் நடத்திய திட்டத்தில் எது பலிக்கவில்லை? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ தடுமாறினாலும் பரவாயில்லை. ‘எல்லாமே இலக்கை எட்டிவிட்டது’ என்பவரை மட்டும் எங்களிடம் அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு வேண்டிய அறிக்கையை நான் ஏற்கெனவே பலமுறை எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளர்