முன்னதாகக் கிளம்ப வேண்டியவர்கள்

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட காட்டுத்தீ பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருக்கும் எனக்கு இது ஏழாவது மாதம். பாதியில் மூடிவைத்துவிட்டு, அப்புறம்தான் முடித்தேன். இறந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே இறந்தார்கள். வீட்டைக் காத்துக்கொண்டு இருங்கள், இல்லையேல் முன்னதாகவே வெளியேறுங்கள் என்பதுதான் அன்றைய அரசு வழிகாட்டுதல். எது என்பதை அவரவர் முடிவுக்கு விட்டிருந்தார்கள். வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இருப்பவளுக்கு அப்படியொரு தேர்வே கிடையாது என்பது என் கருத்து.

கட்டுரையைப் படித்த அன்று மாலை, வீட்டைவிட்டு வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது பார்ப்போம் என்று மூன்று வயது மகளுடன் வாசல்வரை கிளம்பிப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம் ஆனது! மருத்துவக் கோப்பு ஓர் அலமாரியில், மாத்திரைகள் வேறொன்றில். ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குனிந்து அவளைத் தூக்க என்னால் முடியவில்லை. புகையே இல்லாத வீட்டில், நல்ல வெளிச்சத்தில் இந்த நிலை. விக்டோரியாவில் தீ பரவிய அந்த மலையடிவாரங்களிலும் என்னைப் போன்ற தாய்மார்கள் இருந்திருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. காட்டுத்தீயோ வெள்ளமோ, எச்சரிக்கைச் செய்தி வெளியிடும்போது கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் எப்போது கிளம்ப வேண்டும், கையில் எதை எடுக்க வேண்டும் என்பதைத் தனிக் கட்டமாக முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி