தொண்டை வலித்தால் அன்றைக்கே ரத்தம் பார்

அன்புள்ள கண்ணுக்கு,

"தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு கார்பிமசோல் மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்கம்மா" என்று நீ புனேயிலிருந்து சொன்னதிலிருந்து மனசு உன்னிடமேதான் இருக்கிறது. நீ ஆறாவது படிக்கும்போது நானும் இதே மாத்திரையைத்தான் சாப்பிட்டேன். கை நடுங்கி, ஊசியில் நூல் கோர்க்க உன்னைக் கூப்பிடுவேனே, ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு வந்ததும் கிரேவ்ஸ் நோய்தான். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தியே ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி, கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியை ஓயாமல் முடுக்கிவிடுகிறது. மாத்திரை போட்டால் சில வாரத்திலேயே படபடப்பு அடங்கிவிடும். ஆனால் ஆன்டிபாடி குறைய மாதக்கணக்கில் ஆகும். மாத்திரையே அதை அடக்குகிறதா, சுரப்பி அமைதியானதால் அடங்குகிறதா என்று டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு உண்டு. எப்படியானாலும் 12 முதல் 18 மாதம் விடாமல் சாப்பிடச் சொல்வார்கள். இரண்டாவது மாதமே ரிப்போர்ட் நன்றாக வந்ததும் நான் நிறுத்தப் பார்த்தேன். அப்பாதான் விடவில்லை. நிறுத்தும் முன் ஆன்டிபாடி அளவையும் பார்க்கச் சொல். நிறுத்திய பிறகு பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது.

அப்புறம், இந்தக் கடிதமே இதற்காகத்தான். அது மார்கழி. கிருஷ்ணகிரிப் பனி உனக்குத் தெரியுமே. ராத்திரி களி உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கினால், நெருப்பைத் தொட்ட மாதிரி தொண்டை எரிந்தது. காய்ச்சலும் இருந்தது. பனிதானே என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கிடந்துவிட்டேன். டாக்டர் கடுமையாகத் திட்டினார். ஆயிரத்தில் சிலருக்கு இந்த மாத்திரையால் வெள்ளையணுக்கள் திடீரென்று விழுந்துவிடுமாம், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். கிருமியை எதிர்க்க ஆளே இல்லாமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும். போன வாரம் ரிப்போர்ட் நன்றாக இருந்தது என்று நம்பவும் முடியாது. என் நல்ல நேரம், எண்ணிக்கை சரியாக இருந்தது, வெறும் சளிதான். ஆனால் அந்த ரிப்போர்ட் கைக்கு வரும்வரை அப்பா லேப் வாசல் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆகவே காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளையணு எண்ணிக்கை பார். லீவு கிடைக்காது என்று சொல்லாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. குழந்தைக்கு யோசித்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசு, கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இந்த மாத்திரை கூடாது.

கேழ்வரகு மாவு பார்சலில் வருகிறது. முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு.

அம்மா